நாய்க்கு ஏற்றிய வெள்ளை

நனைந்த நாயின் மணமும் ஸ்பிரிட்டின் மணமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால், நான் எங்கே நின்றாலும் பத்து வயதுக்காரியாகிவிடுவேன். போன மாதம், நான் இப்போது இருக்கும் கல்லடியில், எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் நாயை ஒரு மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டு நிற்காமல் போனது. மழை விட்டிருந்த நேரம். அந்தப் பிள்ளைகளின் தாயும் நானும் நாயைத் துவாயில் சுற்றி, ஓட்டோ பிடித்து, பாலத்தைக் கடந்து, நகரத்தில் செல்லப்பிராணிகளுக்கென்றே நடக்கும் மருத்துவ நிலையத்துக்கு ஓடினோம். கையுறை போட்டிருந்த டாக்டர்ப் பிள்ளை நாயை மேசையில் கிடத்திக்கொண்டே, "அடிபட்டு எவ்வளவு நேரம் அன்ரி?" என்று கேட்டாள். இருபது நிமிடம் இருக்கும் என்றேன். "நல்ல நேரத்தில கொண்டுவந்திட்டீங்க, கால் தப்பும்" என்றாள். நான் அங்கே கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். இரத்தத்தைக் கண்டு பயந்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் வாங்கித் தந்தாள். எனக்கு இரத்தம் ஒன்றும் புதிதில்லை. அந்த இருபது நிமிடம் என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை.

நான் பிறந்த ஊர், கல்லடியைத் தொட்டுக் கிடக்கும் நீண்ட வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். சூரியன் படுகிற கரை படுவான்கரை, எழுகிற கரை எழுவான்கரை என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகமான கச்சேரி, கடைத்தெரு எல்லாம் எழுவான்கரையில் இருந்தன. எங்களிடம் வயலும் மாடும் வாவியும் இருந்தன. நடுவில் அரை மைலுக்குக் கிட்டத் தண்ணீர். அதைக் கடப்பதற்கு ஓடிய மிதவையை நாங்கள் "பாதை" என்றுதான் சொல்வோம். இரண்டு பெரிய வள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலகை அடித்து, பின்னால் ஒரு பழைய என்ஜின் பூட்டியிருந்தார்கள். சைக்கிள், நெல்மூடை, ஆடு, மணப்பெண், பிணம் என்று எல்லாம் அதில்தான் போய்வந்தன. அந்த நாட்களின் சட்டப்படி சொந்தத் தோணியில் அக்கரைக்குக் கடக்க முடியாது. கடப்பதானால் பாதையில்தான் கடக்க வேண்டும். அந்தப் பாதையும் ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் பன்னிரண்டு மணியோடு எழுவான்கரையில் போய்க் கட்டிவிடும். பிறகு திங்கட்கிழமை விடிந்தால்தான் வரும்.

அவசரத்துக்கு என்ன செய்வது? அதற்கும் ஒரு முறை இருந்தது. எங்கள் துறையடியில் ஒரு நெடிய கமுக மரக் கம்பம் நட்டிருந்தார்கள், உச்சியில் ஒரு கப்பி, கயிறு. பிள்ளைப்பேற்று வலி, பாம்புக்கடி, நெஞ்சுநோ என்றால் அதில் சிவப்புத் துணி ஏறும். அக்கரையில் பாதைக்காரரின் கொட்டில் வாவியைப் பார்த்தபடிதான் இருந்தது. சிவப்பைக் கண்டால் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்ஜினை இழுப்பார். துறையடிக்குக் கிட்ட இருந்த ஒவ்வொரு வீட்டிலும் இதற்கென்று ஒரு பழைய சிவப்புச் சீலைத்துண்டு வைத்திருப்பார்கள். சாவு என்றால் வெள்ளை ஏறும். வெள்ளையைக் கண்டால் பாதைக்காரர் அவசரப்படமாட்டார். முதலில் அக்கரை ஊருக்குள் போய், எங்கள் துறையோடு உறவு உள்ள வீடுகளுக்குச் "சாவு சொல்லி", ஆட்கள் குளித்து வெளிக்கிட்டு வரும்வரை காத்திருந்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டுதான் வருவார். நோயாளிக்குத்தானே நேரம் முக்கியம்.

என் அப்பா வாவியில் வலை வீசுகிறவர். எனக்கு ஆறு வயதாகும்போது அவருடைய இரண்டு கண்ணும் முழுதாகப் போய்விட்டன. கண்ணுக்குள் அழுத்தம் என்று சொன்னார்கள். வைத்தியத்துக்காகத் தோணியை விற்றோம், கண்ணும் திரும்பவில்லை, தோணியும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அப்பா இரண்டு மாரிக்காலம் வீட்டுக்குள்ளேயே இருந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுத்தார். இரண்டாவது மாரியின் வெள்ளத்தில் ஒரு வாழைக்குற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாய்க்குட்டி எங்கள் வேலியில் வந்து ஒதுங்கியது. அதன் நடுக்கத்தைக் கையால் தடவிப் பார்த்த அப்பா, "கப்பல்ல வந்திருக்கான்" என்றார். அதன் பெயர் கப்பல் ஆகிவிட்டது.

அம்மா அதை வீட்டுக்குள் எடுக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை, "நாய்" என்றுதான் சொல்வா. அப்பாவோ அதன் கழுத்தில் மாட்டுச் சலங்கை ஒன்றைக் கட்டி, வலைக்கயிறு ஒரு முழத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார், பிறகு வாசல் தெருவான ஒழுங்கையைச் சுற்றினார், ஒரு நாள் காலையில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிக்குப் போய்விட்டார். அம்மா தலையிலடித்துக்கொண்டு பின்னால் ஓடினா. நாங்கள் போய்ப் பார்க்கும்போது அப்பா தொடையளவு தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார்.

இந்த ஏற்பாட்டை இருவரில் யார் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கப்பல் முன்னால் நடக்கும், அப்பா கயிற்றைப் பிடித்துப் பின்னால் நடப்பார். கால் எட்டாத இடத்தில் கப்பல் நீந்தத் தொடங்கும்; கயிறு இழுபடும் விதம் மாறும்; அதற்கு மேல் அப்பா போகமாட்டார். அந்த இடத்தில் நின்று வீசுவார். வலையை இழுத்து முடிந்ததும் "போவம்" என்று ஒரு சொல். கப்பல் கரைப்பக்கம் கிறுகிவிடும். ஒழுங்கையில் மாடு வந்தால் நிற்கும். பள்ளக் கிடங்கு வந்தால் சுற்றும். பிடிபட்ட மீனில் அப்பா தன் கையால் கொடுக்காத ஒன்றையும் அது தொட்டதில்லை. இப்போது பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டவென்று நாய்களைப் பழக்குகிறார்கள், அதற்குப் பள்ளிக்கூடமே உண்டு என்று அறியும்போது, எங்கள் கப்பல் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து வருகிற அந்த வறண்ட காற்று மணலையும் வைக்கோலையும் அள்ளிக்கொண்டு வரும். துவைத்துப் போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். ஊரில் பாதிப்பேர் அம்மன் கோயில் சடங்குக்குப் போயிருந்தார்கள். நான் என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு நிழலில் இருந்தேன். கடைசிப் பாதை போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வாவிப்பக்கமிருந்து அப்பாவின் குரல் கேட்டது. என் பெயரைக் கூப்பிடவில்லை, அம்மாவின் பெயரையும் கூப்பிடவில்லை. "ஆராவது! ஆராவது!" என்று கத்தினார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தொடையளவு தண்ணீரில் அப்பா நாயை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றித் தண்ணீர் சிவந்திருந்தது. எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் அவர் ஒரு அடி வைப்பார், நிற்பார், மறுபக்கம் ஒரு அடி வைப்பார். அப்படி அவரை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. கண் தெரியாத மனிதர் என்பதையே நாங்கள் அந்த நாயால் மறந்துபோயிருந்தோம். நான் கையைத் தட்டித் தட்டி, "அப்பா இஞ்சால, இஞ்சால வாங்க" என்று அழுதபடி கூப்பிட்டேன். என் கைத்தட்டலைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

வெள்ளம் கொண்டுவந்து போட்ட பழைய கூரைத் தகரம் ஒன்று சேற்றில் குத்திட்டுப் புதைந்து கிடந்திருக்கிறது. முன்னால் போன கப்பலின் பின்னங்கால் ஒன்றைத் தொடையில் அது ஆழமாக வெட்டிவிட்டது. இன்னும் இரண்டடி போயிருந்தால் அந்த இடத்தில் அப்பாவின் கால் இருந்திருக்கும். அப்பாவுக்கு அது விளங்கியிருந்தது. "எனக்கு வந்தத இவன் வாங்கிட்டான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா வந்தா. வெட்டைப் பார்த்ததும் உள்ளே ஓடி, ஒரு பிடி கோப்பித்தூளைக் கொண்டுவந்து காயத்தில் அடைத்து, அதற்கு மேலே துணியால் இறுக்கிக் கட்டி, முடிச்சுக்குள் அகப்பைக் காம்பைச் செருகி ஒரு முறுக்கு முறுக்கினா. இரத்தம் நின்றது. எடுத்த அவசரத்தில் அம்மாவின் கையில் அகப்பட்ட துணி, வீட்டில் கம்பத்துக்கென்று வைத்திருந்த சிவப்புச் சீலைத்துண்டு.

"அக்கரைக்குக் கொண்டு போகோணும். மாட்டு டாக்குத்தர் இருக்கார்" என்றார் அப்பா.

"நாய்க்குப் பாதையக் கூப்பிடுறதா? ஊர் சிரிக்காதா?" என்றா அம்மா. சொல்லும்போதே அவவின் கை நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

"சிரிக்கட்டும். புள்ள, ஓடிப்போய்த் துணிய ஏத்து."

ஓடினேன். சிவப்பு நாயின் காலில் இருந்தது. அக்கம்பக்கத்து வீடுகள் சடங்குக்குப் போய்ப் பூட்டிக் கிடந்தன. கொடியில் என் சட்டை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் அந்த நேரத்தில், ஏதோ ஒரு துணி ஏறினால் பாதை வரும் என்ற அளவுக்குத்தான் என் புத்தி வேலை செய்தது. சட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்தேன். கச்சான் காற்று அதை ஊதி, இரண்டு கையையும் விரித்துப் பிடித்தது.

பிறகு காத்திருந்தோம். அப்பா துறையடி மணலில் இருந்து நாயை மடியில் வைத்திருந்தார். அதன் மூச்சை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். "பாதை வெளிக்கிட்டிட்டா?" என்று கேட்பார். இல்லை என்பேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்பார். அக்கரையில் கொட்டில் தெரிந்தது, பாதை கட்டியபடி தெரிந்தது. பாதைக்காரர் கொட்டிலிலிருந்து வெளியே வந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பதும் தெரிந்தது. பிறகு அவர் வாவிப்பக்கம் வராமல் ஊர்ப்பக்கம் நடந்துபோனார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தேன். இனி இறக்கினாலும் பயனில்லை, பார்க்க அங்கே ஆள் இல்லை. அப்பா மறுபடியும் கேட்டார். "வாறாராம் அப்பா, வாறார்" என்று பொய் சொன்னேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்துப் பாதை வந்தது. என்ஜின் சத்தத்துக்கு முன்னால் ஒப்பாரிச் சத்தம் வந்தது. பாதை நிறைய ஆட்கள், எல்லோரும் வெள்ளை உடுத்திருந்தார்கள். முன்னால் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தவ அப்பாவின் தமக்கை, என்னுடைய பெரிய மாமி. அவவுக்கு எழுவான்கரைத் துறையடியில்தான் வீடு. எங்கள் துறையில் வெள்ளை ஏறினால் பாதைக்காரர் முதலில் போய்ச் சாவு சொல்லும் வீடு அது.

"என்ட தம்பி! என்ட கண்ணில்லாத தம்பி! என்ன விட்டிட்டுப் போயிட்டியே!"

"அக்கா, நான் இஞ்ச இருக்கன்" என்றார் தம்பி.

மாமியின் ஒப்பாரி பாதியில் நின்றது. பலகையிலிருந்து தண்ணீருக்குள் குதித்து, சீலை நனைய ஓடிவந்து, அப்பாவின் முதுகில் இரண்டு கையாலும் படார் படார் என்று அடித்தா. "நாசமாப் போனவனே, உயிரோடயா இருக்கிறாய்! உயிரோடயா இருக்கிறாய்!" அடித்துக்கொண்டே அழுதா, அழுதுகொண்டே சிரித்தா. வந்தவர்களில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாதைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கம்பத்தைக் கை காட்டி, "ஆர் இந்த வெள்ளைய ஏத்தினது?" என்று கேட்டார்.

நான் அம்மாவின் பின்னால் நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் அனுபவித்ததில்லை.

"நான்தான்" என்றார் அப்பா. "கையில அகப்பட்டத எடுத்துப் புள்ளையிட்டக் குடுத்து ஏத்தச் சொன்னன். எனக்கு வெள்ளையும் ஒண்டுதான், சிவப்பும் ஒண்டுதான். நான் என்னத்தக் கண்டன்?"

அதற்கு மேல் யாரால் என்ன கேட்க முடியும்? கண் தெரியாத மனிதரிடம் நிறத்துக்குக் கணக்குக் கேட்பார்களா? பாதைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, ஏத்துங்க நாய" என்றார். தம்பிக்குப் போர்த்துவதற்கென்று மாமி கையோடு கொண்டுவந்த புதுக் கோடி வேட்டியை மணலில் விரித்து, கப்பலை அதில் கிடத்தி, நாலு பேர் நாலு மூலையில் பிடித்துப் பாதையில் ஏற்றினார்கள். சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் நாயைச் சுற்றி இருந்துகொண்டு திரும்பிப் போனார்கள். ஒருவர் தன் குடையை அதன் மேல் விரித்துப் பிடித்திருந்தார்.

டாக்டர் காத்தான்குடி முஸ்லிம் ஆள், இளம் வயது. மாட்டு வைத்தியக் கந்தோருக்குப் பின்னால் இருந்த விடுதியில் பகல் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சாரத்தோடு இருந்தார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கவென்று அனுப்பப்பட்டவர், நாய் என்றால் விசர்நாய் ஊசி மட்டும்தான் அவருடைய கந்தோரில் இருந்தது. ஆட்டுக்குப் போடும் மயக்க மருந்தில் கொஞ்சம் எடுத்து, அளவை இரண்டு தரம் யோசித்துப் போட்டார். மாட்டுத்தோல் தைக்கிற தடித்த ஊசியால், முற்றத்து மாமரத்தின் கீழ் கிடந்த நீள வாங்கில் வைத்துத் தைத்தார். அப்பா நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு அதன் காதுக்குள் எதையோ பேசிக்கொண்டேயிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். கழுவினார், மறுபடி கழுவினார், ஒரு தரம் மண்ணை அள்ளித் தேய்த்துக் கழுவினார். ஏழு தரம் என்று நான் எண்ணினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மாமி, "நாயத் தொட்டா உங்களுக்குக் கூடாதாமே தம்பி, மறுகா ஏன் தொட்டீங்க?" என்று கேட்டேவிட்டா. அவர் சிரித்தார். "கழுவத்தானே சொல்லிருக்கு. காயத்தோட விடச் சொல்லலியே" என்றார்.

பிறகு அப்பாவிடம் வந்து பக்கத்தில் இருந்து சொன்னார்: "கட்டினது ஆரெண்டு தெரியா, கட்டின படியாத்தான் உயிர் கிடக்கு. ஆனா ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல கட்டு இறுகிக் கிடந்திருக்கு. கால் உணர்ச்சியில்லாமக் கிடக்கு. ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தா..." நான்காம் நாள் காலில் நிறம் மாறிவிட்டது. அவரே அந்தக் காலை எடுத்துவிட்டார். அந்த நாட்களெல்லாம் அப்பா மாமி வீட்டில் தங்கியிருந்து, விடிந்ததும் மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் நாயோடு இருந்தார். மாமி வழி நெடுகத் திட்டிக்கொண்டே கூட்டிப் போவாவாம்.

கப்பல் மூன்று காலோடு திரும்பி வந்தது. வரும்போது துறையடியில் அம்மா நின்று, "கப்பல், வாடா" என்று முதல்தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. இரண்டு மாதத்தில் அது மறுபடியும் வாவிக்கு இறங்கியது. சலங்கைச் சத்தம் மாறியிருந்தது. முன்பு ஒழுங்காகக் கேட்ட சத்தம் இப்போது இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு ஒரு தட்டு என்று கேட்டது. அதற்கேற்ப அப்பா தன் நடையை மாற்றிக்கொண்டார். தண்ணீருக்குள் அது நீந்தும்போது ஒரு பக்கமாக இழுக்கும், அதனால் இருவரும் எப்போதும் பழைய இடத்துக்கு, விரித்த கையளவில் பத்துப் பாகம் வடக்கே தள்ளித்தான் கரையேறுவார்கள். அம்மா மீன்கூடை வைக்கும் இடத்தை வடக்கே மாற்றிவிட்டா. "கப்பல் சரியுது, கப்பல் சரியுது" என்று அப்பா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

ஊர் அந்தக் கதையை விடவில்லை. "நாய்க்குச் சாவு சொன்னவர்" என்று அப்பாவைப் பகிடி பண்ணுவார்கள். கடையடியில், கோயிலடியில், கலியாண வீட்டில், வாவியில் எதிர்ப்பட்ட இடத்தில் எல்லாம் அது ஒரு பகிடி. அப்பா அவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பார். "குருடன்ட கையில கொடியக் குடுத்தா வேற என்ன நடக்கும்?" என்பார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்கமாட்டேன். நான்தான் ஏற்றினேன், அந்தக் காலை நான்தான் எடுத்தேன் என்று சொல்ல எத்தனையோ தரம் தொண்டைவரை வந்திருக்கிறது. அவர் தன் கண்ணில்லாமையை என் மேல் போர்த்திவிட்டார், நான் அதற்குள் சுகமாக ஒளிந்துகொண்டேன். நாளைக்குச் சொல்லலாம், பெரியபிள்ளை ஆனதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

எனக்குப் பதினைந்து வயது நடக்கும்போது ஒரு காலையில், வாவிக்குப் போக வலையை எடுத்துத் தோளில் போட்ட அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் இருந்தார். அம்மா தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. சிவப்பை ஏற்ற எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அன்றும் ஞாயிற்றுக்கிழமை. நான் வெள்ளையை எடுத்துக்கொண்டு துறையடிக்குப் போனேன். இந்த முறை அம்மாவின் சீலையைத்தான் எடுத்தேன், பிழை விடவில்லை. பாதை அப்போதுதான் எங்கள் கரையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு நடு வாவியைத் தாண்டியிருந்தது. அக்கரையில் ஆட்களை இறக்கிவிட்டுப் பாதைக்காரர் வழமைப்படி மாமி வீட்டுக்கு நடப்பது தெரிந்தது. ஆனால் இந்த முறை பாதை வெகு கெதியில் திரும்பியது. ஒப்பாரிச் சத்தம் இல்லை. மேளகாரர் இல்லை. உறவுக்காரர் ஒருவரும் இல்லை. மாமி மட்டும் பச்சைச் சீலை ஒன்றை உடுத்துக்கொண்டு, கையில் ஒரு பையோடு பலகையில் நின்றா. பையில் நாய்க்கென்று அவித்த மீன்தலைகள் இருந்தன.

கரைக்கு இருபது பாகம் இருக்கும்போதே சிரித்தபடி கூப்பிட்டுக் கேட்டா: "என்ன புள்ள, கப்பலுக்கு என்னவாம் இந்த முறை? எங்க அந்தக் குருட்டுப் பய?"

எனக்குப் பின்னால் மணலில் சலங்கைச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. கப்பல் தனியே வந்து என் காலடியில் நின்றது. கழுத்துக் கயிற்றின் மறுநுனி மண்ணில் இழுபட்டபடி கிடந்தது. மாமி அந்தக் கயிற்றைப் பார்த்தா. பை தண்ணீரில் விழுந்தது.

அன்று முழுதும் மாமி தன் தம்பிக்காக அழுததைவிட, "கோடி கொண்டு வரல்லியே, வெறுங்கையோட வந்திட்டனே, பச்சை உடுத்து வந்திட்டனே" என்று அழுததுதான் அதிகம். போன முறை உயிரோடு இருந்தவருக்குக் கோடி கொண்டுவந்தா, இந்த முறை உண்மையாகவே போனவருக்கு மீன்தலை கொண்டுவந்தா. இரண்டுக்கும் காரணம் என் சட்டைதான் என்று அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்ததும் மாமி கப்பலைத் தன்னோடு கொண்டுபோனா. அப்பா இல்லாத வாவியைப் பார்த்துக்கொண்டு அது சாப்பிடாமல் கிடந்ததை அவவால் பார்க்க முடியவில்லை. துணைக்கு நானும் பாதையில் போனேன். நடு வாவியில், என்ஜின் சத்தத்துக்குள் மற்றவர்களுக்குக் கேட்காது என்ற துணிவில், ஐந்து வருடமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன்.

"மாமி, அண்டைக்கு அந்த வெள்ளைய எடுத்து ஏத்தினது நான். அப்பா இல்ல."

மாமி நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தா, நிமிரவில்லை. "தெரியும் புள்ள. ரெண்டு கை வைச்சுத் தைச்ச கொடிய ஆர் கண்டிருக்காங்க? வலையில ஒரு கண் அறுந்தாலும் விரலால கண்டுபிடிக்கிறவன், சட்டைக்கும் சீலைக்கும் வித்தியாசம் தெரியாமக் குடுத்தானாமா?"

"மறுகா ஏன் கேக்கல்ல?"

"அவன் நான்தான் எண்டான். என்ட தம்பி சொன்னா அதுவே எனக்குக் காணும்."

அப்படியென்றால் பாதைக்காரருக்கும் தெரிந்திருக்கும், அன்று வந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒரு பாதை நிறைந்த சனம் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் பிழையைக் கண்டும் காணாததுபோல ஐந்து வருடமாகப் பகிடி பண்ணிச் சிரித்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, ஆறுதலும் வந்தது. ஆனால் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை. அது இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது.

கப்பல் மாமி வீட்டில் இன்னும் இரண்டு வருடம் இருந்தது. மாமி அதற்குச் சோறு வைத்துவிட்டுத் தம்பியைத் திட்டுவாவாம்.

இப்போது எங்கள் துறையடியிலும் பாலம் வந்துவிட்டது. நல்ல பாலம், அகலமான பாலம். எங்கள் ஊர்ப் பிள்ளைத்தாய்ச்சிகள் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாதையைக் கொஞ்ச நாள் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள், பிறகு பலகை பலகையாகக் கழன்று போனது. கொட்டில் இல்லை, பாதைக்காரர் இல்லை, மாமி இல்லை. கமுகங் கம்பம் நின்ற இடத்தில் குளிர்பானக் கடை ஒன்று இருக்கிறது. யாருக்காவது ஒன்று என்றால் தொலைபேசியில் ஒரு சொல், அக்கரைக்கும் இக்கரைக்கும் ஒரே நொடியில் தெரிந்துவிடும். இனிமேல் யாரும் யாருடைய சாவையும் பிழையாக விளங்கிக்கொண்டு அழுதபடி ஓடிவரப்போவதில்லை.

பக்கத்து வீட்டு நாய் பிழைத்துவிட்டது. நாலு காலும் இருக்கிறது. காலையில் வேலியால் பாய்ந்து வந்து என் செருப்பைக் கடிக்கிறது. அதைத் துரத்தும்போதெல்லாம் அதன் பின்னங்காலைத்தான் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளின் பள்ளிக்கூடச் சட்டையை நானே துவைத்து மாடிக் கொடியில் போடுவேன். அங்கிருந்து பார்த்தால் வாவி தெரியும். கச்சான் காலத்தில் காற்று அதை ஊதி இரண்டு கையையும் விரித்துப் பிடிக்கும். நான் வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த வெள்ளையைக் கண்டு அங்கிருந்து யாரும் வெளிக்கிடப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அது காயும்வரை நின்றுவிட்டுத்தான் இறங்கி வருவேன்.